பதினோராவது சொல்

அந்த ஜீப் என் ஜன்னலுக்கு வெளியே இரண்டு நிமிடமாவது நின்றிருக்கும். எனக்குத் தெரிந்ததை அந்த இரண்டு நிமிடத்தில் நான் ஏன் சொல்லவில்லை? விதி தடுத்ததா, பயம் தடுத்ததா? இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் கிடைக்கும். மறுநாள் காலை அடுப்பு பற்ற வைக்கும்போது அது பொய்யென்று தோன்றிவிடும்.

மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறேன். எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிய கட்டிடமாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரே அறை. பலகையில் பன்னிரண்டு துளைகள். கைப்பிடியைச் சுழற்றி யாராவது அழைத்தால் ஒரு சின்னத் தகடு டக்கென்று விழும். நான் கம்பியைச் செருகிப் பேச வேண்டும். எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி. சித்தூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். எஸ்டேட் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் என் கணவரைக் கட்டிக்கொண்டு இந்தக் குளிருக்கு வந்தேன். தமிழும் மலையாளமும் கொஞ்சம் இங்கிலீஷும் எழுதத் தெரியும் என்பதால் இந்த நாற்காலி கிடைத்தது.

எங்கள் இடத்திலிருந்து ஆசுபத்திரி இருக்கும் டவுனுக்கு இரண்டு பாதைகள் உண்டு. மலைமுகட்டைச் சுற்றிப் போவது மேட்டுப்பாதை, அதுதான் சீக்கிரம். ஆற்றை ஒட்டிப் போவது ஆற்றுப்பாதை. அரைமணி நேரம் கூடுதலாகும், ஆட்டமும் அதிகம். மழைக்காலத்தில் எது திறந்திருக்கிறது, எது அடைந்திருக்கிறது என்பது வேளைக்கு வேளை மாறும். மேட்டுப்பாதையின் நிலவரத்தை மேல் எக்ஸ்சேஞ்சிலிருந்து எனக்குச் சொல்வார்கள், ஆற்றுப்பாதையின் நிலவரத்தைக் கீழ் எக்ஸ்சேஞ்சிலிருந்து. நான் அதை அடுத்த பக்கத்துக்குக் கடத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தொங்கும் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுத வேண்டும். டிரைவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்புவார்கள்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் இவ்வளவு பாடு கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று வரப்பிலிருந்து யாராவது குரல் கொடுத்தால் போதும், அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

மேல் எக்ஸ்சேஞ்சில் இருந்தவரை நான் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் பழக்கம். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுவார். என்னைத் தங்கச்சி என்பார். நான் அவரை அண்ணா என்பேன். முதல் வாரமே என் பேச்சைக் கேலி செய்தார்.

“ஒரு சேதிக்கு நாலு ‘ங்க’ போடுதியே தங்கச்சி. கம்பி பாரம் தாங்குமா?”

“நாலு போட்டாத்தானுங்ணா உங்க மலைக்கு ஒண்ணாச்சும் வந்து சேரும்,” என்றேன். சிரித்தார். அதன்பிறகு தினமும் செய்தி முடிந்ததும் ஒரு நிமிடம் ஊர்க்கதை பேசுவோம். அந்தக் கம்பியிலேயே வழியில் ஒரு காவல் குடிசைக்கும் போன் உண்டு. அங்கே யார் எடுத்தாலும் நாங்கள் பேசுவது கேட்கும். அதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

என் முதல் மழைக்காலத்தில் அது நடந்தது. மேட்டுப்பாதை இரண்டு நாளாக அடைந்து கிடந்தது. மேலே ஒரு தொழிலாளியின் மகளுக்குக் கல்யாணம். பாத்திரங்கள், துணிமணி, சமையல் சாமான் எல்லாம் ஏற்றிய லாரி எங்கள் பலகையின் முன்னால் காத்து நின்றது. பெண்ணின் தகப்பனால் பொறுக்க முடியவில்லை. காவல்காரர் சாப்பிடப் போன நேரத்தில் குடிசை போனை எடுத்து, மேல் எக்ஸ்சேஞ்ச் அண்ணனைப் போலவே செருமி, தங்கச்சி என்று என்னைக் கூப்பிட்டு, மேட்டுப்பாதை சரியாகிவிட்டது, லாரியை விடு என்று சொல்லியிருக்கிறார். குடிசையில் உட்கார்ந்து அண்ணன் பேசுவதைத் தினமும் கேட்டுப் பழகியவர் அவர். நான் நம்பினேன். பலகையைத் துடைத்து ‘திறப்பு’ என்று எழுதினேன். இரண்டாவது வளைவில் ரோட்டின் விளிம்பு சரிந்து லாரி கவிழ்ந்தது. டிரைவருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தகப்பன் கெட்டவர் இல்லை. மகள் கல்யாணம் நின்றுவிடுமே என்று பதறிய ஒரு மனிதர், அவ்வளவுதான். ஆனால் பலகையில் எழுதியது என் கை.

அதன்பிறகுதான் எங்கள் ஹெட்கிளார்க் சொற்சீட்டு முறையைக் கொண்டுவந்தார். வாரத்துக்கு முப்பது சொற்கள், வரிசை எண் போட்டு, ஒரே மாதிரி இரண்டு சீட்டுகள். ஒன்று என்னிடம், மற்றது மேல் எக்ஸ்சேஞ்சில். கீழ் எக்ஸ்சேஞ்சுக்கு வேறு சொற்கள், வேறு சீட்டு. யாராவது பாதைச் செய்தி சொன்னால் நான் ஒரு எண்ணைக் கேட்க வேண்டும். அந்த எண்ணுக்கு நேரே உள்ள சொல்லை அவர் சொல்ல வேண்டும். பொருந்தினால் செய்தியை எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும், ஏனென்றால் கம்பியில் ஒருமுறை சொன்ன சொல் குடிசையிலும் கேட்டிருக்கும். திங்கள்கிழமைதோறும் புதுச் சீட்டு. அன்று காலை எட்டு மணிக்குப் பழைய சீட்டை எரித்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சொல் பொருந்தாத செய்தியைப் பலகையில் எழுதக்கூடாது, அடுத்த எக்ஸ்சேஞ்சுக்குக் கடத்தக்கூடாது, யாரிடமும் வாய்ப்பேச்சாகக்கூடச் சொல்லக்கூடாது. கடைசி விதியை ஹெட்கிளார்க் இரண்டு தடவை சொன்னார். பலகையில் இருப்பதைவிட ஜன்னலில் காதில் விழுந்ததைத்தான் டிரைவர்கள் நம்புவார்கள் என்றார்.

என் கையெழுத்து நன்றாக இருப்பதால் சீட்டுகளை நான்தான் எழுதினேன். சனிக்கிழமை எழுதித் தபால் பையில் போட்டுவிடுவேன். திங்கள் விடிந்ததும் தபால்காரர் மேலே கொண்டுபோவார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் குரலை நம்பும் பாரம் என்மேல் இல்லை என்று நினைத்தேன்.

அந்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். பால்குடி மாறாத குழந்தையை எக்ஸ்சேஞ்சில் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. ஹெட்கிளார்க் கண்டும் காணாமல் விட்டார். கூரையின் குறுக்குக் கட்டையில் சேலைத் தூளி கட்டி அவளைப் போட்டிருப்பேன். அதனாலேயே மற்ற விதிகளில் ஒரு சின்னப் பிசகும் என் பக்கம் இருக்கக்கூடாது என்று கவனமாக இருந்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும், சொல்லாவிட்டால் கணக்கு முழுதாகாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்கக் கொட்டிய மழை விடவில்லை. எட்டு மணிக்குப் பழைய சீட்டைக் கரியடுப்பில் போட்டுக் கையெழுத்திட்டேன். புதுச் சீட்டை எடுத்து வைத்தேன். போன வாரச் சொற்கள் தானியங்களும் பயறுகளும். இந்த வாரம் அடுப்படிச் சாமான்கள். மேலே சீட்டு போய்ச் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டாமென்றும் யாரும் சொல்லவில்லை.

பலகையில் மேட்டுப்பாதை திறப்பு, ஆற்றுப்பாதை ஜீப்புக்கு மட்டும் என்று இருந்தது.

ஒன்பதரை மணி வாக்கில் மேல் கம்பியின் தகடு விழுந்தது. செருமல் கேட்டது. மேட்டுப்பாதையில் மூணாவது வளைவில் மரத்தோடு மண் சரிந்து ரோட்டை முழுதாக மூடிவிட்டது, எல்லாரையும் ஆற்றுப்பாதையில் விடு என்றார். நான் பதினோராவது சொல்லைக் கேட்டேன்.

“மொச்சை,” என்றார்.

என் சீட்டில் பதினொன்றுக்கு நேரே உரல் என்று இருந்தது.

“இது போன வாரத்ததுங்ணா. புதுச் சீட்டுல பாத்துச் சொல்லுங்க.”

“புதுசு எங்க வந்துச்சு? ஓடையில தண்ணி போற போக்குல தபால்காரன் எப்படித் தாண்டுவான்? பழச வச்சுத்தான் சொல்லுதேன். ஒன் பழசுல பாரு, சரியாத்தான் இருக்கும்.”

என் பழசு அடுப்பில் சாம்பலாகி ஒன்றரை மணி நேரமாகியிருந்தது.

போன வாரச் சீட்டை எழுதியது என் கைதான். பதினொன்று மொச்சையா, கொள்ளா? மொச்சை என்று எழுதியது போலவும் இருந்தது, கொள்ளு என்று எழுதி அடித்தது போலவும் இருந்தது. அப்படியே மொச்சைதான் என்றாலும், போன வாரம் நான் அந்த எண்ணைக் கேட்டிருந்தால் அந்தச் சொல் குடிசைக்கும் தெரியும். கேட்டேனா? நினைவில்லை. கம்பியை வைத்துவிட்டு நானே கைப்பிடியைச் சுழற்றி மேல் எக்ஸ்சேஞ்சை அழைத்துப் பார்த்தேன். அதே குரல்தான் எடுத்தது. ஆனால் குடிசையில் இருப்பவரும் எடுத்திருக்கலாமே. கடைசியாக, விதியில் இல்லாத ஒன்றைச் செய்தேன். என் மகள் சனிக்கிழமை என்ன செய்தாள் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

“குப்புற விழுந்தான்னு சொன்னே. மூக்குல அடின்னே. தங்கச்சி, நான்தான்.”

அவர் சொன்னது சரி. நான் அதைச் சொன்னதும் இதே கம்பியில்தான். கேட்க நினைத்த யாருக்கும் அது கேட்டிருக்கும். கவிழ்ந்த லாரி கண்ணில் வந்து நின்றது. போன தடவையும் செருமல் இருந்தது, தங்கச்சி இருந்தது.

ஹெட்கிளார்க்கைக் கேட்கிறேன், இருங்கள் என்று வைத்துவிட்டு ஆபீசை அழைத்தேன். தொழிற்சாலைக் கூரையில் தகடு பறந்துவிட்டது, அவர் அங்கே போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். பதிவேட்டில் எழுதினேன்: மேல் எக்ஸ்சேஞ்ச், மேட்டுப்பாதை அடைப்பு என்று செய்தி, சொல் பொருந்தவில்லை, பலகையில் ஏற்றவில்லை.

மை காய்வதற்குள் ஜீப் வந்து நின்றது.

கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் பெண். கொழுந்து எடுப்பவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். தலைப்பிரசவம். விடிகாலையிலிருந்து வலி, டிஸ்பென்சரி நர்ஸ் குழந்தை திரும்பிக் கிடக்கிறது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் அவளுடைய தாய் அவளை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தாள். படுதாவின் இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்த அந்தப் பெண்ணின் கை மட்டும் எனக்குத் தெரிந்தது. டிரைவர் தலையை நீட்டி, மேட்டுப்பாதை சரிதானே என்று கேட்டார்.

நான் சொன்னது இதுதான். “போர்டுல இருக்கறதுதானுங்க.”

அவர் மறுபடி பலகையைப் பார்த்தார். பின்னால் திரும்பி அந்தத் தாயிடம் ஏதோ சொன்னார். படுதாவை இழுத்துக் கட்டினார்கள். இரண்டு நிமிடம். ‘ஒரு செய்தி வந்திருக்கிறது, நம்பலாமா என்று தெரியவில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அது எந்த விதிக்கு எதிர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாக்கியம் வாய்வரை வந்து நின்றுவிட்டது. தூளியில் என் மகள் சிணுங்கினாள். நான் திரும்பி ஆட்டிவிட்டேன். ஜீப் மேட்டுப்பாதையில் ஏறியது.

பதினொன்றே காலுக்கு அது திரும்பி வந்தது. மூன்றாவது வளைவில் மரமும் மண்ணும் கிடந்திருக்கின்றன. திருப்ப இடமில்லாமல் ஒரு மைல் தூரம் டிரைவர் பின்பக்கமாகவே ஓட்டி வந்திருக்கிறார். என் ஜன்னலில் நிற்கவில்லை. ஆற்றுப்பாதையில் இறங்கினார்கள். ஆற்றுப் பாலத்துக்கு இப்பால் ஜீப்பிலேயே பிரசவம் ஆகிவிட்டது. ஆண் குழந்தை. அழவில்லை. தாயைக் காப்பாற்றிவிட்டார்கள்.

முதலிலேயே ஆற்றுப்பாதையில் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று ஆசுபத்திரி நர்ஸிடம் என் கணவர் சாடையாக விசாரித்தார். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, எப்போது உயிர் போனது என்று சொல்ல முடியாது, சீக்கிரம் வந்திருந்தால் பார்த்திருப்போம் என்றாளாம். பார்த்திருப்போம் என்ற ஒரு சொல்லை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஹெட்கிளார்க் மத்தியானம் வந்து பதிவேட்டைப் படித்தார். நான் செய்தது முறைதான், தப்பு சீட்டு முறையில் இருக்கிறது என்றார். அடுத்த வாரமே ஒரு திருத்தம் வந்தது: புதுச் சீட்டு எதிர்ப்பக்கம் கைக்குக் கிடைத்தது என்று அவர்கள் புதுச் சொல்லாலேயே சொல்லும் வரை பழைய சீட்டை எரிக்கக்கூடாது. எவ்வளவு எளிது. சீட்டு எழுதியவள் நான், எரித்தவளும் நான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? நடந்ததைப் பற்றி லயங்களில் பேச வேண்டாம் என்று எனக்கும் மேல் எக்ஸ்சேஞ்ச் அண்ணனுக்கும் ஆபீசிலிருந்து சொன்னார்கள். கலவரம் ஆகும் என்று பயந்தார்கள்.

மறுநாள் காலை மேல் எக்ஸ்சேஞ்ச் அண்ணன் செய்தி சொல்ல அழைத்தார். அதற்குள் புதுச் சீட்டு அவருக்குக் கிடைத்திருந்தது, சொல் பொருந்தியது. நான் அடித்தேன்.

“நான் சொன்னேனே தங்கச்சி,” என்றார்.

நான் கம்பியை உருவினேன். அதன்பிறகு அவர் ஊர்க்கதை பேசுவதில்லை. எண்ணைக் கேட்பேன், சொல்லைச் சொல்வார், செய்தியைச் சொல்வார், வைத்துவிடுவார்.

லயங்களில் பேசாமல் இருக்க முடியுமா? அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பேசினார்கள். மரம் விழுந்தது ஒன்பது மணிக்கு முன்னால். பலகையில் பத்து மணிக்கும் திறப்பு என்று இருந்தது. அப்படியானால் மேலே இருப்பவன் தூங்கிவிட்டான் அல்லது குடித்துவிட்டான். அவர் டவுனுக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆளில்லை என்று என் கணவர் வந்து சொன்னார். ஒரு தடவை காலையில் பேர் கூப்பிடும் மஸ்டரில் அவர் முகத்துக்கு நேராகவே ஒருத்தி, “செத்தபிறகு கொம்பூதவா உன்ன மேல வச்சிருக்கு?” என்று கேட்டாளாம். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாராம்.

அன்று நான் என் கணவரிடம், “ஏனுங்க, நானே போய்ச் சொல்லிடட்டுமா?” என்றேன்.

“சொல்லி? போன உசுரு திரும்புமா? நீ சட்டப்படி செஞ்ச. ஊட்டுல பச்சக் கொழந்தைய வெச்சுக்கிட்டு இல்லாத வம்ப இழுக்காத,” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அது என்னை ஆற்றவில்லை.

மேல் எக்ஸ்சேஞ்ச் அண்ணனிடமும் ஒருமுறை கேட்டேன். எண்ணும் சொல்லும் முடிந்தபிறகு, சொல்லிவிடட்டுமா அண்ணா என்றேன். எதைப் பற்றி என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

“குடிசையில எவனாச்சும் கேட்டுட்டு இருப்பான். வை,” என்றார்.

இவ்வளவுதான் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். மனதில் போட்டு மூடியிருப்பேன். ஆனால் ஜீப்பில் போன அந்தப் பெண் இப்போது மறுபடி ஏழு மாதம். சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டுக் கூடையோடு என் ஜன்னலுக்கு வருவாள். இரண்டு வயது முடிந்துவிட்ட என் மகளை ஜன்னல் வழியாகவே வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். என் மகள் அவளுடைய மூக்குத்தியைப் பிடித்து இழுப்பாள். போன வாரம் அப்படி நின்றுகொண்டு சொன்னாள்.

“அக்கா, இந்தத் தடவ எனக்கு நீங்கதான் பாத்துச் சொல்லணும். மேல இருக்க ஆள நம்பாதீங்க. அன்னிக்கு அவரு வாயத் தொறந்திருந்தா எம்புள்ள இருந்திருக்கும்.”

என் மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். நான் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். “சரிம்மா,” என்றேன்.

மேல் எக்ஸ்சேஞ்ச் அண்ணன் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் தன் ஊருக்குப் போகிறார். வழக்கமாக இப்படிப் போகிறவருக்கு லயத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு போட்டு, வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். இவருக்கு அந்தப் பேச்சே இல்லை. நான் சொன்னால் ஒருவேளை நடக்கும். ஆனால் ஏழு மாத வயிற்றோடு இருப்பவளிடம், அன்று செய்தி வந்தது, உன் ஜீப் நிற்கும்போதே எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? அவள் மனம் உடைந்து இந்தக் குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? அவள் என்னை நம்பாமல், பிரசவ நாளில் பலகையில் நான் எழுதிய சரியான வழியையே சந்தேகித்துவிட்டால்? பிரசவம் முடியட்டும் என்று காத்திருந்தாலோ, அவர் செய்யாத குற்றத்தோடு பஸ் ஏறிவிடுவார். சொல்ல வேண்டும் என்று தவிப்பது அவருக்காகவா, அவளுக்காகவா, நான் நிம்மதியாகத் தூங்குவதற்காகவா என்பதிலும் எனக்கு உறுதியில்லை.

இதைப் படிப்பவர்களில் குழந்தையை இழந்த தாய்மார்கள் இருப்பீர்கள். உங்களைத்தான் முதலில் கேட்கிறேன். அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? விரும்பினால் இப்போதா, பிள்ளை பிறந்த பிறகா? என் வாயால் கேட்க நினைப்பீர்களா, வேறு யாராவது பக்குவமாகச் சொன்னால் போதுமா? மற்றவர்களும் சொல்லுங்கள். என்னைத் திட்ட வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாதக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.